பாம்பனில் அவிழ்ந்த முடிச்சுகள்

2020 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை காலை. பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கி நின்றேன். தூறல் விடவில்லை. கீழே ரயில் பாலம் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அதில் ரயிலை விடமாட்டார்கள். எனக்கோ சட்டை படபடத்தது, அவ்வளவுதான். இந்தக் காற்றுக்கா இந்தப் பாம்பன் தீவு மூன்று நாளாகப் பயந்து காத்திருந்தது என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

புரெவிப் புயல் 2-ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையில் ஏறி, அந்தத் தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. மறுநாள் பாம்பனை நெருங்கிவிட்டது. துறைமுகத்தில் 7-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். துறைமுகத்தின் மேலேயோ அதற்குப் பக்கத்திலேயோ புயல் கரை கடக்கும் என்பது அதற்குப் பொருள். ஆனால் ராமநாதபுரம் கரையை ஒட்டிக் கடலிலேயே நின்றுவிட்டது. இரவுக்குள் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆயிற்று.

பாலத்திலிருந்து இறங்கித் தென்கடல் பக்கம் நடந்தேன். நாட்டுப்படகுகளைத் தென்னை மரத்தடி வரை இழுத்து ஏற்றியிருந்தார்கள். தண்ணீரில் நின்ற விசைப்படகுகளுக்கு இரட்டைக் கயிறு, இரட்டை நங்கூரம். ஒரு வல்லம் மட்டும் கட்டறுந்து பாறையில் மோதி, பக்கப்பலகை பெயர்ந்து கிடந்தது. நாலைந்து பேர் அதைச் சுற்றி நின்று விரலால் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருசடியின் முன்னால் யாரோ ஏற்றிய மெழுகுவர்த்திகள் மழையில் அணைந்து, மெழுகு மட்டும் கல்லில் உறைந்திருந்தது.

ஈரக் கயிற்றில் இறுகிப்போன முடிச்சை ஒருவர் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“தூங்கி எத்தனை நாளாச்சுண்ணே?”

“ரெண்டு ராத்திரி. படகு இங்க ஆடிக்கிட்டு இருக்கையில வீட்டுல எப்படித் தம்பி கண்ணு மூடும்? கடன் இன்னும் பாதிகூட அடையல.”

முடிச்சு அவிழ்ந்ததும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகின் பக்கவாட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. அந்தக் கரையில் பட்டாசு வெடிக்கவில்லை, யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அந்த இரண்டு தட்டலில் ஒரு குடும்பத்தின் நிம்மதி முழுவதும் இருந்ததை நான் பார்த்தேன்.

முகாமாக மாற்றியிருந்த பள்ளிக்கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கொரோனாவுக்காக ஆளுக்கு ஆள் தள்ளிப் படுக்கச் சொன்னார்களாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்? ஒரு மூலையில் தகரப்பெட்டியின் மேல் கிழவி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அருகில் நின்ற இளைஞன் செல்பேசியைப் பார்த்தபடி, “சும்மா பயங்காட்டிட்டாங்க” என்றான்.

கிழவி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

“அப்படிச் சொல்லாதடா. எங்களுக்கு இப்படி வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி ஏறுன்னு யாரு சொன்னா? தண்ணி வந்த பிறகுதான் தெரியும் எங்களுக்கு.”

அவருக்கு அப்போது பதினாலு வயது. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியில் புயல். அந்த ஒரே இரவில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் போனது. ஊரே மண்ணோடு மண்ணானது. பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பகுதி கடலில் விழ, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதை மீட்டார்கள். ஊரை மீட்க முடியவில்லை. கிழவி இதில் எதையும் சொல்லவில்லை. “எங்க அக்கா” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டு, பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார்.

அந்த இளைஞன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வராமல் போன புயலுக்காக ஒரு ராத்திரி முகாமில் கிடந்தவன், அடுத்த முறை கூப்பிட்டால் வருவானா? வானிலைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. புயல் வாசல்வரை வந்துதான் நின்றது. அங்கே அது வலுவிழந்ததை ஏமாற்றம் என்று எப்படிச் சொல்ல?

வாசலில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு தொலைபேசியில் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். பிறந்த வீடு சிதம்பரம் பக்கம். “நாங்க நல்லாருக்கோம்ப்பா, இங்க ஒண்ணுமில்ல” என்று சிரித்துச் சொன்னவள், அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டுச் சிரிப்பை விட்டாள். அன்று காலை வரையான 24 மணி நேரத்தில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34 சென்டிமீட்டர் மழை. இங்கே கடலில் நின்ற அதே புரெவியின் மழைதான்.

“வயலு தெரியவே இல்லியா? வரப்புகூடவா?” என்று கேட்டாள். பிறகு குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, சத்தம் குறைந்த இடம் தேடி மழைக்குள் இறங்கிப் போனாள்.