அனந்தபுரியில் காசில்லாத மார்கழி

குளிர்காலத்தில் ஐரோப்பா போய் வந்தவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "அங்கே சர்ச்சுல கச்சேரி ஃப்ரீ, மியூசியம் ஃப்ரீ." விமான டிக்கெட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நாகர்கோவில்காரனான எனக்கு அந்த இலவசமெல்லாம் எழுபது கிலோமீட்டரில் கிடைக்கிறது. பாசஞ்சர் வண்டியில் ஏறி திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினால் போதும்.

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்பது பேச்சுக்குத்தான். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை 22 டிகிரி, மதியம் 31, 32. ஆனாலும் துலாமாத மழை ஓய்ந்து, பிசுபிசுப்பு குறைந்து, இந்த ஊரில் வேர்க்காமல் நடக்க முடிகிற மாதங்கள் இவைதான். நடந்தால்தான் காசில்லாத திருவனந்தபுரம் கண்ணில் படும்.

ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் பொடிநடை. வழியில் பழவங்காடி பிள்ளையார். சிதறுகாய் உடைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். இந்தக் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம் என்பது பலருக்குத் தெரியாது. கோட்டைக்குள் நுழைந்து பத்மதீர்த்தக் குளத்தருகே வந்ததும், பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் பார்க்கும் முன் எதிர்ப்பக்கம் அண்ணாந்து பாருங்கள். மேத்தன் மணி அங்கேதான் இருக்கிறது. கடிகார முகப்புக்கு மேலே தாடிக்காரர் ஒருவரின் தலை, இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைப் பிளப்பார், கடாக்கள் ஓடிவந்து அவர் கன்னத்தில் முட்டும், வாய் மூடிக்கொள்ளும். திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் காலத்துப் பொறி. ஒரு மணிக்கு வந்து நிற்பவர் ஏமாளி, பன்னிரண்டு மணிக்கு வாருங்கள். பழுதாகி நின்ற காலங்களும் உண்டு. நின்றிருந்தால் பிராது சொல்லாமல் கோயிலுக்குப் போய்விடுங்கள்.

பத்மநாபசுவாமி கோயிலில் காசு கொடுத்து சீக்கிரம் போகவும் வழி இருக்கிறது, இலவச வரிசையும் இருக்கிறது. மண்டல காலமாதலால் வரிசை முழுக்கக் கறுப்பு வேட்டி ஐயப்பமார். நின்றுதான் ஆகவேண்டும். ஆண்களுக்குச் சட்டை ஆகாது, பேண்ட் ஆகாது. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறினால் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்கலாம்: முதலில் திருமுகம், நடுவில் நாபிக்கமலம், கடைசியில் பாதம். நம்மாழ்வார் பாடிய தலம். 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா ராஜ்யத்தையே இந்தப் பெருமாளுக்கு எழுதிவைத்துவிட்டு, தாம் பத்மநாபதாசன் என்று ஆனார்.

எனக்கு இந்த ஊரின் தலையாய இலவசம் கோயிலை ஒட்டியிருக்கும் குதிரமாளிகைதான். சுவாதித் திருநாள் 1840களில் கட்டியது. மேல்தளத்துக் கூரைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாகத் தாவி நிற்கும், பெயர் அதனால் வந்தது. பகலில் உள்ளே போய்ப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் சுவாதி சங்கீதோத்சவம் தொடங்கிவிட்டால், மாலையில் அதே மாளிகையின் முற்றம் எல்லோருக்கும் திறந்திருக்கும். டிக்கெட் கிடையாது. பாடுவது சுவாதித் திருநாள் கிருதிகள் மட்டும், வேறு எதுவும் இல்லை.

சென்னை சீசனில் மத்தியானக் கச்சேரி இலவசம், சாயங்காலம் பெரிய வித்வான் வந்தால் பர்ஸைத் திறக்கவேண்டும். சென்னை ஓய்கிற நேரத்தில் இங்கே தொடங்குகிறது, அதுவும் சாயங்காலக் கச்சேரி. தலைக்கு மேல் ஆகாயம், பாட்டு எழுதிய ராஜாவின் வீட்டு முற்றம், மேலே வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் குதிரைத் தலைகள். 1813-ல் பிறந்து 33 வயதில் போய்ச் சேர்ந்த மனிதர் அவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இந்த ராஜாவின் அவையில்தான் இருந்தார். வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசாகக் கொடுத்தவரும் இந்த ராஜாவே. கர்நாடக இசையில் வயலின் நிலைத்ததற்கு வடிவேலுவும் ஒரு காரணம். கச்சேரியில் வயலின் முறை வரும்போது இது நினைவுக்கு வந்தால் கேட்கும் காதே வேறாகிவிடுகிறது.

காலையில் சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு. தோவாளைப் பூவும் எங்கள் பக்கத்துக் காய்கறியும் வந்து இறங்குகிற இடம். பாதிக் கடையில் தமிழிலேயே விலை பேசலாம். எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவைத் தன் கதைகளில் எழுதினார். அவரைப் படித்துவிட்டு நடந்தால் சுமட்டுக்காரரின் வசவுகூடத் தெரிந்த குரலாகக் கேட்கும். இங்கே ஒன்றும் வாங்காமல் திரும்பியவன் நான் இல்லை என்பதால், இதை இலவசப் பட்டியலில் சேர்ப்பது கொஞ்சம் பொய்தான்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் தும்பாவை விடவேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது என்பதால் இந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ல் இங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அன்று ஆய்வுக்கூடமாக இருந்தது மேரி மகதலேனா தேவாலயம். அங்கே வேலை பார்த்தவர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர். ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புகழ்பெற்ற படம் இந்த ஊரில் எடுத்ததுதான். அந்த தேவாலயமே இன்று விண்வெளி அருங்காட்சியகம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், திறந்திருக்கும் நாளா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நேப்பியர் மியூசியத்தின் உள்ளே டிக்கெட், தோட்டம் இலவசம். 1880-ல் முடிந்த கட்டடம். சேப்பாக்கத்து செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம்தான் இதற்கும் ஆள். வெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகு, எனவே நஷ்டமில்லை. சங்குமுகத்தில் கடல் மணலைத் தின்றுவிட்டது. கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்னிகை மட்டும் அசையாமல் படுத்திருக்கிறாள். சூரியன் விழுவதைப் பார்க்க ஆறு மணிக்கு முன்பே போய்விடவேண்டும்.

கோவளம் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஜனவரியில் போகிறவர்கள் சங்கீதோத்சவ நாட்களைப் பார்த்துக்கொண்டு ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள், பையில் ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்துவையுங்கள். கோயில் வாசலில் வாடகை வேட்டிக்குக் கொடுக்கும் காசும் மிச்சம்.