கடைசியா வாற ஆளை எப்படி அளக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஐந்து பேர் ஒரே போடிங்கில் இருக்கிறோம். இதை எழுதுவது நாலு பேர். ஐந்தாவது ஆளுக்கு எழுதி முடித்த பிறகுதான் காட்டுவதாக முடிவு. அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது, அதனால்தான்.

பேஸ்போல் எங்களுக்கு வந்தது ரொறன்ரோவிலிருந்து. எங்களில் ஒருத்தியின் மச்சான் அங்கே பிறந்து வளர்ந்தவர். கோயில் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை நின்றார். நாங்கள் அவருக்குக் கிரிக்கெட் விளங்கப்படுத்தினோம், அவர் எங்களுக்குப் பேஸ்போல் விளங்கப்படுத்தினார். எங்கட பாடம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய பாடம் எங்களுக்குப் பிடித்துவிட்டது. "மூண்டு ஸ்ரைக் எண்டால் அவுட். மூண்டு அவுட் எண்டால் மற்ற ரீம். ஒன்பது தரம் இப்பிடி. அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் இல்லை என்று பிறகு தெரிந்தது. திரும்பிப் போன பிறகும் அவர் யூரியூப் இணைப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டங்கள். எங்கட வயதுப் பிள்ளைகள், எங்களைப் போலப் பரீட்சை எழுதுகிறவர்கள், ஆனால் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் பந்து எறிகிறவர்கள். அதில் ஒரு சின்னப் பொறாமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே ஆளைத்தான் பிடித்தது: ரிலீவர். ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் பிட்சர் களைத்தாலோ அடி வாங்கினாலோ நடுவில் கூப்பிடப்படுகிறவர். அதுவரைக்கும் மைதான ஓரத்தில் புல்பென் என்கிற இடத்தில் இருப்பார். கூப்பிடும்போது நிலைமை அநேகமாக மோசமாகத்தான் இருக்கும். இரண்டு பேர் பேஸில் நிற்பார்கள், ஒரு அவுட்தான் ஆகியிருக்கும், சனம் கத்தும். அவர் வந்து, யாரோ தொடக்கிய குழப்பத்தை முடித்து வைக்க வேண்டும்.

இவரை எப்படி அளப்பது? பேஸ்போலில் எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. Z வெட்டுப்புள்ளியோடு வளர்ந்த எங்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. பிட்சருக்கு முதலில் பார்ப்பது ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. களத்தில் நிற்பவர்களின் பிழையால் போன ரன்களைச் சேர்க்காது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரின் எக்கொனமி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிலீவரிடம் வரும்போது இந்த எண் இடறுகிறது. அவர் வரும்போது பேஸில் ஏற்கெனவே நிற்கும் ஆட்கள் ஓடி ரன் எடுத்தால், அது அவர் கணக்கில் ஏறாது. அவர்களைப் பேஸுக்கு விட்ட முந்தைய பிட்சரின் கணக்கில்தான் ஏறும். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே மூன்று பேரையும் பேஸிலேயே நிற்க வைத்துவிட்டு இன்னிங்ஸை முடித்தால், அதுவும் அவருடைய ஈ.ஆர்.ஏயில் எங்கேயும் தெரியாது. யாரோ எடுக்காத இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு, பூச்சியம் ரன், அவ்வளவுதான். காப்பாற்றப்பட்டது முந்தைய பிட்சரின் எண். 'சேவ்' என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிக்காகோ விளையாட்டுப் பத்திரிகையாளர் முன்வைத்தது, மேஜர் லீக்கில் 1969 இலிருந்து உத்தியோகபூர்வமானது. ரீம் மூன்று ரன் முன்னுக்கு நிற்கும்போது வந்து, கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்து, தட்டுத்தடுமாறி முடித்தாலும் ஒரு சேவ்தான். ஆறாவது இன்னிங்ஸில் பேஸ் நிறைய ஆள் நிற்க வந்து ஆட்டத்தையே காப்பாற்றியவருக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கில் எங்களுக்குப் பெரிய மரியாதை இல்லை.

இதையெல்லாம் நாங்கள் படித்தது கெவின் கொப்ஸுக்காக.

2021 இல் ஆர்கன்சோ பல்கலைக்கழக ரீமின் ரிலீவர் அவர். வயது 24, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆறாவது வருசம். முழங்கையில் ரொமி ஜோன் சத்திரசிகிச்சை செய்து ஒரு சீசனையே இழந்தவர். கோவிட்டால் 2020 சீசன் இடையில் நின்றுபோக, எல்லோருக்கும் மேலதிகமாக ஒரு வருசம் கொடுத்தார்கள், அதில்தான் திரும்பி வந்தார். வேகம் அப்படிப் பயங்கரமானது இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பந்து. நேராக வருவது போல வந்து கடைசி நேரத்தில் விலகும், கட்டருக்கும் ஸ்லைடருக்கும் இடையிலான ஒன்று. அதுதான் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே அடிக்க வந்தவர்கள் காற்றைத்தான் அடித்தார்கள். அந்தச் சீசன் முடிவில் அவருடைய எண்கள்: 12 வெற்றி, 1 தோல்வி, 11 சேவ், 89⅔ இன்னிங்ஸ், 131 ஸ்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 0.90. வோக் கொடுத்தது 18 பேருக்கு மட்டும். அதாவது ஒரு ஆளைச் சும்மா பேஸுக்கு விட்டால், ஏழு பேரை ஸ்ரைக் அவுட் ஆக்கியிருக்கிறார். மேலே சொன்னபடி ரிலீவரின் ஈ.ஆர்.ஏயை முழுதாக நம்பக் கூடாதுதான். ஆனால் ஸ்ரைக் அவுட்டும் வோக்கும் பிட்சருக்கும் அடிக்கிறவருக்கும் இடையில் மட்டும் நடக்கிறவை. அதில் முந்தியவரின் பாவமும் இல்லை, களத்தில் நிற்பவரின் புண்ணியமும் இல்லை. ஆளை அளக்க ஒரே ஒரு எண்தான் தரலாம் என்றால் நாங்கள் இதைத்தான் கேட்போம்.

இப்போது அந்த 1 தோல்விக்கு வருவோம்.

ஆர்கன்சோ அந்த வருசம் நாட்டிலேயே முதலாம் இடத்தில் வைத்து இறுதிச் சுற்றுகளுக்குள் அனுப்பப்பட்ட ரீம். ஜூன் 7 ஆம் திகதி நெப்ராஸ்காவுக்கு எதிராக, தோற்றால் வீடு என்ற ஆட்டத்தில், கொப்ஸ் மூன்றாவது இன்னிங்ஸிலேயே கூப்பிடப்பட்டார். 7 இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. அடுத்த சுற்றில் நோர்த் கரோலினா ஸ்ரேட்டுடன் மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை ஆர்கன்சோ 21–2 என்று வென்றது. சனிக்கிழமை 6–5 என்று தோற்றது. ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 13, கோச் டேவ் வான் ஹோர்ன் ஒரு முடிவெடுத்தார். அந்தச் சீசன் முழுக்க ஒருதரமும் ஆட்டத்தைத் தொடக்காத கொப்ஸை முதல் பந்திலிருந்தே எறிய விட்டார்.

அவர் எட்டு இன்னிங்ஸ் எறிந்தார். 118 பந்துகள். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 2–2. திரும்பவும் அவரையே அனுப்பினார்கள். முதலில் அடிக்க வந்த ஹோசே ரொரெஸ் பந்தை வேலிக்கு அங்கால் அனுப்பினார். 3–2. ஆர்கன்சோவின் சீசன் அத்தோடு முடிந்தது.

அந்த நாளுக்கு முன் கொப்ஸின் ஈ.ஆர்.ஏ. 0.66. சீசன் முழுக்க அவர் கணக்கில் ஏறிய 9 ரன்களில் 3 அந்த ஒரு பின்னேரத்தில் ஏறியவை.

இந்த ஆட்டத்தை நாங்கள் பார்த்தது ஒரு மழை இரவில், ஒரே ஃபோனில், அரிசிப் பேணியில் அதைச் சாய்த்து வைத்து. முடிந்ததும் சண்டை தொடங்கியது. இரண்டு பேர் வான் ஹோர்ன் பக்கம். ரீமில் ஆகத் திறமான ஆள் அவர்தான், தோற்றால் நாளைக்கு ஆட்டமே இல்லை, பிறகு யாருக்காக மிச்சம் பிடிப்பது? எட்டு இன்னிங்ஸுக்கு மூன்று ரன் என்பது எந்த ஸ்ரார்ட்டருக்கும் நல்ல நாள், அது மட்டும் போதாதா? மற்ற இரண்டு பேருக்குக் கோபம். முழங்கை வெட்டித் தைத்த ஒருவரை, ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஆறு நாள் ஆன ஒருவரை, 118 பந்து எறிய விட்டது திறமையில் வைத்த நம்பிக்கை இல்லை, புல்பெனில் மற்றவர்கள் மேல் இருந்த பயம் என்றார்கள். "எட்டாவதோட எடுத்திருக்கோணும்!" "எடுத்திட்டு ஆரைப் போடுறது?" பக்கத்து அறைக்காரி சுவரில் தட்டும் வரைக்கும் போனது.

அவள் மட்டும் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வெள்ளிக்கிழமை 21 ரன் அடிச்ச ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை எத்தனை அடிச்சவை?"

இரண்டு.

"அப்ப ஏன் எல்லாரும் அவனைப் பற்றியே கதைக்கிறியள்?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பேஸ்போலுக்கானது இல்லை என்று ஐந்து பேருக்கும் தெரியும்.

இரண்டாம் வருசத்தில் எங்கட குழு அறிக்கைகளை நாங்கள் நாலு பேரும் எழுதுவோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றுக்கொன்று ஒட்டாமல். கையளிப்பதற்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு அது அவளிடம் போகும். அட்டவணையில் இருக்கும் எண்ணும் பந்தியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். உசாத்துணைகளைச் சரிப்படுத்துவாள். எங்கட முடிவுரை எங்கட தரவுக்கு நேர் எதிராக இருந்த ஒரு தரம், விடிய நாலு மணிக்கு அதைக் கண்டுபிடித்து மாற்றினாள். புள்ளி ஐந்து பேருக்கும் ஒன்றாகத்தான் வந்தது, நல்லாகவும் வந்தது. அவள் பிடித்து நிறுத்திய பிழைகள் எந்தத் தாளிலும் இல்லை. "அவள் இருக்கிறாள்தானே" என்பது எங்கட வாயில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் வருசக் கள ஆய்வு வந்தபோது, "இந்த முறை நீயே தொடக்கத்திலயிருந்து செய், அப்பதான் ஒழுங்கா வரும்" என்றோம். அதைப் பாராட்டாகத்தான் சொன்னோம், அப்படித்தான் நினைத்தும் இருந்தோம். அதே கிழமைகளில் அவளுக்கு வீட்டில் அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சலும் இருந்தது. நாங்கள் நேர்காணல் எடுத்துக் கொடுத்தோம், ஃபோட்டோ எடுத்தோம், பிரிண்ட் எடுத்தோம். எழுதியது அவள். நாற்பத்திச் சொச்சம் பக்கம்.

வைவாவில் கலந்துரையாடல் அத்தியாயம் பலவீனமாக இருக்கிறது என்று சொன்னார்கள். அது உண்மைதான், கடைசிப் பத்துப் பக்கம் களைத்த ஆள் எழுதியது என்று வாசித்தாலே தெரியும். "இந்தப் பகுதியை எழுதினது ஆர்?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருத்தி அவளைக் கையால் காட்டினாள். அது யார் என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் மற்ற மூன்று பேரும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிச்ச முப்பது பக்கத்தையும் அவள்தான் எழுதினாள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வெளியில் வந்த பிறகு அவள் கன்ரீனில் எங்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கினாள். அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அந்த மழை இரவுக்குப் பிறகு நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். ஆளுக்காள் தனித்தனியாக, அசடு வழிய. அவள் "சரி விடுங்கோ" என்றாள். விட்டாளா என்று முகத்தில் தெரியவில்லை.

கொப்ஸின் கதை அந்த ஹோம் ரன்னோடு முடியவில்லை. சில கிழமை கழித்து, அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 1978 இலிருந்து கொடுக்கப்படும் விருது, அதுவரை ரிலீவராகவே இருந்த ஒருவருக்குக் கிடைத்ததில்லை. ஆனால் தொழில்முறை ரீம்கள் ஆள் எடுத்த அந்த ட்ராஃப்டில் சன் டியாகோ பாட்ரெஸ் அவரை எடுத்தது மூன்றாவது சுற்றில். இருபது, இருபத்தொரு வயதுக்காரர்களை எடுக்கும் இடத்தில் 24 வயது கூட, வேகமும் குறைவு. விருது கொடுத்தவர்கள் அவர் செய்து முடித்ததை அளந்தார்கள், ட்ராஃப்டில் எடுத்தவர்கள் இனிமேல் செய்யக்கூடியதை அளந்தார்கள். இரண்டும் பிழையில்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது. பிழையான அளவு மூன்றாவது ஒன்று, கடைசியாக அடி வாங்கியவர் யார் என்று மட்டும் பார்ப்பது. 2007 உலகக் கிண்ணத்தில் மலிங்க தென்னாபிரிக்காவின் நாலு விக்கெட்டை நாலு பந்தில் எடுத்த ஆட்டத்திலும் இலங்கை தோற்றுத்தான் போனது. அதை மலிங்கவின் தோல்வி என்று சொல்கிற ஒருவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இந்தத் தவணைக்கான குழு அறிக்கையின் வேலைப் பட்டியலை அவள்தான் வட்ஸ்அப்பில் போட்டாள். ஐந்து பெயர், ஐந்து பகுதி. தன் பெயருக்கு நேரே "அறிமுகம், 4 பக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதைப் போன கிழமையே முடித்து அனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கையளிக்க வேண்டும். இப்போது இரவு பதினொன்றரை. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு அட்டவணை கூட்டுத்தொகையில் இடிக்கிறது. ஏன் என்று நாலு பேருக்கும் இன்னும் பிடிபடவில்லை. அவள் ஒன்லைனில் நிற்கிறாள், பச்சைப் புள்ளி தெரிகிறது. ஃபோனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.