திருநீற்றுப் பச்சை

திருவண்ணாமலை வெயிலைப் பற்றி, அதை அநுபவித்தவர்களிடந்தான் கேட்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த மலைப் பாறை, இரவிலும் அனல் வீசும். அந்த நாட்களில் என் தாயார் திருநீற்றுப் பச்சை விதையை ஊறவைத்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுப்பாள். கடைக்காரர் 'சப்ஜா' என்பது இதைத்தான். துளசிக்கு உறவு, பெயரோ இந்த ஊருக்கென்றே இட்டது போல் இருக்கிறது!

அவள் காலமான பிறகு, தகர டப்பாவில் ஒரு சிட்டிகை விதை மிஞ்சியிருந்தது. அதில் பாதியைத் தொட்டியில் விதைத்தேன். பத்திரமாக இருக்கட்டுமென்று ஒரு விரற்கடை மண்ணையும் போட்டு மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"புதைத்துவிட்டீர்களே! மேலாகத் தூவினால் போதாதா?" என்றாள் என் மனைவி.

மீதியை அவளே எடுத்துக் கொண்டாள். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து, மேலே தூவி, கையால் நீர் தெளித்தாள். விதைகள் நனைந்து தவளை முட்டை போல் வழுவழுத்தன. ஒரு வாரத்தில் முளை கண்டது! செடி சாணுயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினாள். எனக்குப் பகீரென்றது, செடியோ கிளைத்துப் புதராயிற்று.

இலைக்காக வளர்ப்பவர்கள் பூங்கதிரையும் கிள்ளிவிடுவார்கள். எங்களுக்கு வேண்டியது விதையாயிற்றே! கதிர் பழுப்பேறியதும் அறுத்து, நிழலில் உலர்த்தி, கசக்கி, முறத்தில் புடைத்தோம். கறுகறுவென்று ஓர் ஆழாக்குத் தேறியது.

பழைய டப்பாவிலேயே கொட்டினேன். அதிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்துத் தனியே காகிதத்தில் மடித்துத் தன் பெட்டியில் வைத்துக் கொண்டாள் மனைவி.