எல்லைக்குள் ஒரு கிறவல் வீதி

ஆர்ன்ஸ்பேர்க் காட்டுக்குள் ஓடும் கிறவல் வீதிகளைச் சைக்கிளுக்காக யாரும் போடவில்லை. வெட்டிய மரங்களை ஏற்றிச்செல்லும் லொறிகளுக்காகப் போட்டவை அவை. இவ்வளவு அகலமும் உறுதியும் அதனால்தான். வீதியின் நடுப்பகுதியைச் சற்றே மேடாக்கியிருப்பார்கள்; மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து கானுக்குள் இறங்கிவிடும். லொறிச் சில்லுகள் அழுத்திய இரண்டு தடங்கள், இடையிலே புல். இந்தத் தடமா அந்தத் தடமா என்று கண் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். கல் பெயர்ந்த இடம், ஈரம் தேங்கிய இடம், போன கிழமை மரம் இழுத்ததில் கிழிந்த இடம். பத்து மீற்றர் முன்னால் உள்ளதைத் தவிர வேறொன்றையும் நினைக்க விடாத வீதி. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஜேர்மனியின் மேற்கே, வெஸ்ட்ஃபாலியாவில், மோனே ஆற்றுக்கும் ரூர் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிறது இந்தக் காடு. நான் இருப்பது அதற்கு வடக்கே, ஹம் நகரில். தமிழருக்கு ஹம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில்தான். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். தேருக்கு ஐரோப்பாவின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். அனல்மின் நிலையத்துக்குக் கிட்ட கோபுரத்தைக் கண்டு, கால்வாயில் தீர்த்தம் ஆடி, கடலைக் கடையில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள். தெற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிவதை அவர்கள் பார்ப்பதில்லை. நானும் பல காலம் பார்க்கவில்லை. எங்கள் சனி, ஞாயிறுகள் பிறந்தநாள் மண்டபத்திலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் முடிந்துவிடும்.

சைக்கிளை எனக்குப் பழக்கியவள் மகள். யாழ்ப்பாணத்தானுக்கு ஒருத்தி சைக்கிள் பழக்குவதா என்று நீங்கள் சிரிக்கலாம். பாரில் ஒருவரையும் கரியரில் ஒருவரையும் இருத்தி, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் சைக்கிள் உழக்கிய சாதி நாங்கள். ஆனால் இது வேறு சாமான். ஆட்டுக்கிடாய்க் கொம்புபோல் வளைந்த ஹாண்டில், டிஸ்க் பிரேக், நாற்பது மில்லிமீற்றருக்கு மேல் தடித்த ரயர், உள்ளே ரியூபே இல்லை. முள் குத்தினால் ரயருக்குள் ஊற்றிய பால் போன்ற திரவம் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். பெருவிரலால் அழுத்தினால் கல்லாக இருக்கவேண்டும் என்று காற்றடித்துப் பழகிய கை என்னுடையது. “அப்பா, குறையுங்கோ. இன்னும் குறையுங்கோ” என்று அவள் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தாள். கல்லை எதிர்த்துத் துள்ளும் ரயர் வழுக்கும். கல்லை உள்வாங்கி நசியும் ரயர்தான் பிடித்துக்கொள்ளும். விலையை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வதில்லை. ஒரு பழைய கார் வாங்கலாம்.

ஹம்மிலிருந்து புறப்பட்டால் முதலில் சோஸ்ட். மத்திய காலத்தில் ஹன்சா வணிகக் கூட்டணியில் செல்வாக்கோடு இருந்த ஊர். உப்பும் துணியும் தானியமும் ஹெல்வேக் என்ற பழைய வணிகப் பாதையில் இதன் வழியாகப் போயின. ஊரே பச்சை நிறம். மரத்தாலோ பூச்சாலோ அல்ல, கல்லே பச்சை. அந்தப் பகுதியில் வெட்டும் மணற்கல்லில் உள்ள கிளாக்கோனைற் என்ற கனிமம் தேவாலயங்களுக்கும் மதிலுக்கும் பாசி படர்ந்த நிறத்தைக் கொடுத்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் சுவர்களைப் பார்க்கவேண்டும். வீசன்கிர்ஹே தேவாலயத்தில் 1500ஆம் ஆண்டளவில் செய்த கண்ணாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. இயேசுவின் கடைசி இராவுணவு. மேசையில் பன்றித்தொடை, பியர், கறுப்பு ரொட்டி! யெருசலேமில் நடந்ததை வெஸ்ட்ஃபாலியாக்காரன் தன் வீட்டுச் சாப்பாட்டோடு வரைந்து வைத்திருக்கிறான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முள்ளங்கியையும் லீக்ஸையும் போட்டுச் சாம்பார் வைத்து அம்பாளுக்குப் படைக்கிற நாங்கள் எதைச் சொல்ல?

சந்தை நாளில் சேற்றுக் காலோடு போய் நின்றாலும் யாரும் முகம் சுழிப்பதில்லை. சீஸ் விற்கிறவர் ரயரைத்தான் பார்க்கிறார். எத்தனை மில்லிமீற்றர், எத்தனை பார் காற்று, ஹார்ஸ்ட்ராங் மேட்டில் எதிர்க்காற்றா என்று கேட்கிறார். இந்த நாட்டில் அந்நியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் இவைதான் எனக்குப் பதில் சொல்ல ஆசையாக இருந்தவை.

அந்த மேடு மெல்ல மெல்ல ஏறுவது. கோதுமை வயல், காற்றாலைகள், வெறும் வானம். உச்சியில் ஏறியதும் திடீரென்று கீழே மோனே ஏரி விரியும், அதற்கப்பால் காடு. ஏரி மனிதர் கட்டியது. 1908இல் தொடங்கி 1913இல் முடித்த அணை, நாற்பது மீற்றர் உயரம். 1943 மே 17 அதிகாலையில் பிரித்தானிய விமானங்கள் தண்ணீரின்மேல் துள்ளிச் செல்லும் குண்டுகளைப் போட்டு அதை உடைத்தன. ஆங்கிலேயர் அதைப் படமாக எடுத்துக் கொண்டாடினார்கள். வெள்ளம் போன வழியில் நேஹைம் நகரத்தருகே ஒரு முகாம் இருந்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பெண்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அன்றிரவு செத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் அவர்கள். இன்று அணையின்மேல் ஐஸ்கிறீம் சாப்பிட்டபடி நடக்கிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏரியைத் தாண்டினால் ஏற்றம், காடு.

காடு என்றால் என் தலைமுறைக்கு நிம்மதியான சொல் அல்ல. ஊரில் காடு என்பது வன்னி. அதற்குள் போனவர்கள் ஏதோ ஒரு காரணத்தோடு போனவர்கள். பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குள் போவது ஜேர்மனியரிடம் நான் தாமதமாகக் கற்றது. அதற்கு இங்கே சட்டமே இருக்கிறது. 1975ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓய்வுக்காகக் காட்டுக்குள் நுழைய எல்லோருக்கும் அனுமதி உண்டென்கிறது. தனியார் காடானாலும் சரி. சைக்கிள் பாதையை விட்டு இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான் 1985இல், கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கே கடந்தவன். அப்போது இன்னொரு சட்டமும் இருந்தது. 1982இல் வந்த தஞ்சச் சட்டப்படி, விண்ணப்பித்தவர் தனக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு எழுத்தில் அனுமதி இல்லாமல் வெளியே போகமுடியாது. பிடிபட்டால் தண்டப்பணம், திரும்பவும் பிடிபட்டால் சிறைகூட உண்டு. பக்கத்து மாவட்டத்தில் இருந்த சித்தப்பாவின் மகனைப் பார்க்க நான் கடதாசி கேட்டு வரிசையில் நின்றேன். என்னோடு முகாமில் ஒரே அறையில் இருந்த நண்பர், டோர்ட்முண்டில் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போய் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். வேலை செய்யவும் அனுமதியில்லாத நாட்களில் தண்டப்பணம் கட்டினார். பல ஆண்டுகள் பலர் கத்தியபிறகு, 2015இல்தான் அந்தக் கட்டுப்பாடு மூன்று மாதமாகக் குறுகியது. காட்டுச் சட்டத்தின் ‘எல்லோரும்’ எங்களையும் சேர்த்துத்தானா என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

காட்டின் முதுகில் பிளாக்வேக் என்ற பழைய முகட்டுப் பாதை போகிறது. சோஸ்ட் மாவட்டத்துக்கும் தெற்கேயுள்ள ஹோக்சவர்லாந்த் மாவட்டத்துக்கும் இடையிலான எல்லை பல இடங்களில் இந்த முகட்டை ஒட்டியே செல்கிறது. அரை மணித்தியாலத்தில் இரண்டு மூன்று தரம் இங்கிட்டும் அங்கிட்டும் கடந்துவிடலாம். தடுப்புக் கம்பம் கிடையாது. பாசி படிந்த எல்லைக் கல் எங்காவது கிடக்கும். வேகமாக வந்தால் அதுவும் தெரியாது.

இந்தக் காட்டில் எங்களைப்போல் வந்தேறிய மான்களும் உண்டு. கிழக்காசியாவைச் சேர்ந்த சிக்கா மான்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பிரபு வேலிக்குள் வளர்த்தார். வேலி பிறகு போய்விட்டது, மான்கள் நின்றுவிட்டன. ஆனால் அவற்றுக்கென்று வரையறுத்த பகுதி உண்டு; அதற்கு வெளியே பெருக விடமாட்டார்கள், வேட்டைக்காரர் சுட்டுவிடுவார். மகளிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

இங்கே காடும் பழைய காடு இல்லை. இரும்புக்கும் கரிக்கும் வெட்டி மொட்டையாகிய மலைகளில் பிரஷ்ய அரசு 19ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாக ஸ்புரூஸ் மரம் நட்டது. வேகமாக வளரும், வேர் ஆழமாகப் போகாது. 2007 ஜனவரி 18இல் கிரில் என்ற புயல் ஒரே நாளில் சரிவுகளையே சாய்த்தது. மிச்சத்தை 2018இல் தொடங்கிய வரட்சியும் பட்டைவண்டும் தின்றன. நிழலுக்குள் ஏறிய வீதிகளில் இப்போது முதுகு காயும். வெட்டவெளியில் யூன் மாதம் ஊதா நிறத்தில் டிஜிற்றாலிஸ் பூக்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. அழகுதான், நஞ்சும்தான்.

வார்ஸ்டைனுக்குக் கிட்ட லாங்கன்பாக் பள்ளத்தாக்கில் இறங்கும்போது நான் பிரேக்கைப் பிடித்துத்தான் இறங்குவேன். 1945 மார்ச்சில், போர் முடிய ஏழு கிழமைகூட இல்லாத நேரத்தில், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களில் 208 கட்டாயத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். லாங்கன்பாக்கில் 71 பேர். பெரும்பாலும் பெண்கள், ஒரு குழந்தை. வேறு முகாமுக்கு மாற்றுகிறோம், சாமான்களை வீதியோரம் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் பிற்காலத்தில் அந்த மண்ணைத் தோண்டி சப்பாத்து, பொத்தான், மணிகள், ஒரு பிரார்த்தனைப் புத்தகம், ஒரு அகராதி எல்லாம் எடுத்தார்கள். எனக்கு அக்காவின் மூட்டை நினைவுக்கு வரும். 1995 ஒக்டோபரில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தைவிட்டு அக்கா சைக்கிளில் மூட்டை கட்டி, கரியரில் அம்மாவை இருத்தித் தள்ளிக்கொண்டு செம்மணியைக் கடந்த இரவைப் பற்றி எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. செம்மணி மண்ணுக்குள் பிறகு ஆட்களைப் புதைக்கப்போகிறார்கள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

லாங்கன்பாக்கிலிருந்து ரூதன் வரை கால் வலிக்கும். மோனே ஆற்றங்கரையில் மூடிய ரயில் பாதை வழியே சமதரையில் வரலாம்; ஆனால் ஊர் மலையுச்சியில். மூன்று கிலோமீற்றர் அளவுக்குச் சுற்றிலும் மதில் இன்னும் நிற்கிற சின்னச் சந்தை ஊர், சூனியக்காரிகள் என்று பெண்களை அடைத்த கோபுரத்தோடு. பேக்கரியில் பிளம் கேக் நல்லது. அதற்குமேல் ரூதனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

டோர்ட்முண்டில் தண்டப்பணம் கட்டிய அந்த நண்பர் இப்போது பென்சனுக்கு வந்துவிட்டார். போன மாதம் பற்றரிச் சைக்கிள் வாங்கியிருக்கிறார். என்னோடு வரவேணுமாம்.

“எல்லாம் சரி, உந்த மலை ஏறத்தான் வேணுமோ? ஆத்தோரமாய்ப் போனா என்ன?”

“ஆத்தோரமாய்ப் போனா எல்லை வராது அண்ணை.”

“பற்றரி எழுபது கிலோமீற்றர்தான் நிக்குமாம்.”

“அப்ப திரும்பி வரேக்கை உழக்குங்கோ.”

விசர் என்று ஜேர்மன் மொழியில் ஏசிவிட்டு, ரூதனில் சோறு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு வருகிறாராம். என்னைத் தேத்தண்ணிப் போத்தலோடு வரச் சொல்லியிருக்கிறார்.