கால் கிலோ அதிகம்

வெளிநாடு போகிற தமிழனின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அவன் ஜாதகத்தையே சொல்லிவிடலாம். மேலாக கோட்டு, டை. அதற்குக் கீழே குளிருக்கான உள்ளாடை. அதற்கும் கீழே, நாலு பாலிதீன் கவருக்குள், ரப்பர் பேண்ட் மேல் ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு மளிகைக் கடையே ஒளிந்துகொண்டிருக்கும். ஆவக்காய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல்!

2023 அக்டோபரில் எனக்கு பாரிஸ் போகும் வாய்ப்பு வந்தது. பத்திரிகையாளர்களுக்கான ஒரு பயிற்சி முகாம். ஒன்பது நாள். அதற்கு முன்பு சிங்கப்பூர், கொழும்பு போனதோடு சரி. அந்த ஊர்களில் நாம் இட்லியைத் தேட வேண்டாம், இட்லியே நம்மைத் தேடி வந்துவிடும். பாரிஸ் அப்படியா?

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, மனைவி ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"என்னங்க, புளிக்காய்ச்சல். ஒரு ஓரமா வெச்சுக்குங்க. சாதம் மட்டும் கிடைச்சா போதும்."

"ஒன்பது நாள் நாக்கைக் கட்ட முடியாதவன் எதுக்கு ஊர் சுத்தணும்? அந்த ஊர்ல என்ன சாப்பிடறாங்களோ அதைச் சாப்பிடணும். அதான் பயணம்!" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். "நான் ஒண்ணும் எங்கப்பா இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பா விஷயம் இதுதான். 2004-ல் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவும் அப்பாவும் நியூஜெர்ஸி கிளம்பினார்கள். ஆறு மாதம். அப்போது ஒரு பெட்டிக்கு 32 கிலோ வரை அனுமதி. பெட்டி கட்டும் இலாகா என்னுடையது. பி.காம். படித்தவன் என்பதால் எங்கள் வீட்டில் எடை, விலை, வட்டி சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான் விடியும். பக்கத்து வீட்டில் ஸ்பிரிங் தராசு வாங்கிவந்து தூக்கிப் பார்த்தால், அப்பாவின் பெட்டியில் கால் கிலோ அதிகம்.

திறந்தேன். வேட்டிகளுக்கு நடுவே, ஒரு துண்டில் சுற்றி, எவர்சில்வர் காபி ஃபில்டர். அப்பா தினமும் காலையில் தானே டிகாக்‌ஷன் போடுகிற ஃபில்டர்.

"அமெரிக்காவுல இல்லாத காபியாப்பா?" என்று அதை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை மட்டும் மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். இந்தக் கதையைப் பத்துப் பதினைந்து வருஷமாக நண்பர்களிடம் ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, பாரிஸுக்கு வருவோம்.

முதல் அதிர்ச்சி பாத்ரூமில். காகிதம் மட்டும்தான். தண்ணீரால் கழுவிக்கொள்ளும் 'பிடே' என்கிற தொட்டியை 18-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்குக் காட்டிய தேசம் இது. இப்போது அவர்கள் வீடுகளிலேயே அது அபூர்வமாகிவிட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் காலியானதும் அதைக் கடைசி நாள்வரை பொக்கிஷமாகக் காப்பாற்றினேன். அறையைச் சுத்தம் செய்கிற அம்மா ரெண்டு தடவை அதைத் தூக்கிப்போட, ரெண்டு தடவையும் குப்பைக்கூடையிலிருந்து மீட்டேன்.

சாப்பாட்டில் முதல் நாள் சொர்க்கம். க்ரொசான்ட் என்கிற அந்தப் பிறைநிலா ரொட்டியைக் கடித்தால் வெண்ணெய் உதட்டில் ஒட்டுகிறது. நீளமான பாகெத் ரொட்டி, அதைச் செய்யும் கலையையே 2022-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, சேர்க்க வேண்டியதுதான்.

ரெண்டாம் நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் இருந்தது. நாலாம் நாள் காலை அதே க்ரொசான்ட்டைப் பார்த்தபோது, கல்லூரியில் மனப்பாடம் செய்த 'குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'க்கு முதல்முறையாக அர்த்தம் புரிந்தது.

நான் சைவம்கூட இல்லை. ஆடு, கோழி, மீன் எல்லோரோடும் எனக்கு நல்லுறவு உண்டு. ஆனால், நன்றாக வேகட்டும் என்று ரெண்டு தரம் சொல்லியும் நடுவே சிவப்பாகவே வந்தது மாட்டிறைச்சி. மதியம் இரண்டரைக்கு மேல் போனால் பல ஹோட்டல்களில் சமையலறை மூடியாகிவிட்டது. இனி ராத்திரி ஏழு மணிக்குத்தான். நம் வயிறோ நாலரை மணிக்கு வடை கேட்கும் ஜாதி! காபி கேட்டால், பொம்மைக் கல்யாணத்துக் கப்பில் கறுப்பாக ஒரு வாய். இரண்டரை யூரோ. அன்றைய கணக்குக்கு 220 ரூபாய். அதைக் குடிப்பதற்கு முன்பே பெருக்கிப் பார்த்துவிட்டதால் கசப்பு இரட்டிப்பாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. பசி இல்லை, சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் உள்ளே எதுவோ கேட்டுக்கொண்டே இருந்தது. கூகுளில் ஹோட்டல் தேடுகிற சாக்கில் ரசம் வைப்பது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் இதென்ன பிள்ளைத்தனம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஆறுதலுக்குத் துணை தேடினேன். நம்ம ஊர் ஐஸ் ஹவுஸ் ஞாபகத்துக்கு வந்தது. சென்னை கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம் 1842-ல் கட்டப்பட்டதே ஐஸ் கட்டிகளைச் சேமிக்கத்தான். ஃபிரெடெரிக் டியூடர் என்கிற பாஸ்டன் வியாபாரி, அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் அனுப்பினார். 1833-ல் முதல் சரக்கு கல்கத்தா வந்துசேர நாலு மாதம் ஆயிற்று. வழியிலேயே ஒரு பகுதி கரைந்தும் லாபம்! சென்னை வெயிலில் ஒரு டம்ளர் குளிர்ந்த பானத்துக்கு ஏங்கிய வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். கடல் தாண்டி ஐஸ் வரவழைத்தவனை ரசிகன் என்கிறோம். ஊறுகாய் பாட்டிலோடு போகிற மாமாவைப் பட்டிக்காடு என்கிறோம்.

இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். கணிதமேதை ராமானுஜன். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர், அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். குளிரில் நடுங்குகிறாரே என்று நண்பர் மகலனோபிஸ் போய்ப் பார்த்தால், கட்டிலில் இறுக்கிச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலேயே படுத்திருந்திருக்கிறார்! ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்து ரசம் பரிமாறினார். ரெண்டு தரம் வாங்கிக்கொண்ட பெண்கள், மூன்றாவது தரம் வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். டாக்ஸி பிடித்து ஊரைவிட்டே போய்விட்டார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது. அதைப் படித்த காலத்தில், மேதைகள் கொஞ்சம் அப்படித்தான் என்று சிரித்திருக்கிறேன். பாரிஸ் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிர் தேசத்தில் அவர் கையில் இருந்த ஒரே வீடு அந்த ரசம்தானே.

மறுநாள் ஞாயிறு. முகாமுக்கு விடுமுறை. வைராக்கியத்துக்கும் விடுமுறை விட்டுவிட்டு, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, லா ஷப்பல் பக்கம் நடந்தேன். ஐந்து நிமிஷத்தில் எழுத்துகள் மாறின. புடவைக் கடை, நகைக்கடை, மளிகை... எல்லாம் தமிழில்! 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய தெருக்கள். பக்கத்திலேயே 1985-ல் ஏற்படுத்திய மாணிக்க விநாயகர் கோயில். வருஷா வருஷம் அந்தப் பிள்ளையாருக்குத் தேர் ஓடி, பாரிஸ் தார்ச்சாலையில் தேங்காய் உடைபடுகிறது.

ஒரு சின்ன மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பனங்கட்டி. கறிவேப்பிலையை எடுத்து முகர்ந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டேன் போல. கல்லாவில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர்.

"இந்தியாவோ?"

"ஆமா சார். சென்னை."

"சார் எண்டாதேங்கோ. அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

"இங்கே சாப்பாட்டுக் கடை எது நல்லா இருக்கும்ணே?"

"கடைச் சாப்பாடு பிறகு பாப்பம். இருங்கோ" என்று உள்ளே போனவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் மதியச் சாப்பாட்டைப் பிரித்து ரெண்டு தட்டில் போட்டார். சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, பொரித்த மோர்மிளகாய். பில் போடுகிற மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நம்ம ஊர் ருசி இல்லை. ஆனால், முதல் கவளத்திலேயே தொண்டை அடைத்தது. மோர்மிளகாய் காரம் என்று சமாளித்தேன்.

"எத்தினை நாளைக்கு வந்தனீங்கள்?"

"ஒன்பது நாள்ணே. இது ஆறாவது நாள். அதுக்கே முடியலை."

சிரித்தார். "நான் ஒம்பது மாசத்துக்கு எண்டு வந்தனான். சண்டை நிண்டதும் திரும்பிடலாம் எண்டு. தொண்ணூற்றியொண்டில. இப்ப முப்பத்திரண்டு வருசம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்து, "இங்கேதான் எல்லாம் கிடைக்குதேண்ணே" என்றேன். அசட்டுத்தனமான பேச்சு.

"ஓம், எல்லாம் பிளேன்ல வருது. எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் வராது." வலிகாமம் வடக்கில் அவர் வீடு. 1990-ல் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. காணியை 2016-ல் விட்டார்கள். அடுத்த வருஷம் போயிருக்கிறார். வீடு இல்லை, கிணறு இருந்தது.

"இறைச்சுத் துப்பரவாக்கி, ஒரு செம்பு குடிச்சுப் பாத்தன். அந்தத் தண்ணி இல்லை. தண்ணி மாறிட்டுதோ, என்ர நாக்கு மாறிட்டுதோ... விளங்கேல்ல" என்றவர், "வெறுந்தேத்தண்ணி குடிப்பமே?" என்று எழுந்தார்.

பால் இல்லாத டீ. கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. குடித்துவிட்டு பர்ஸை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். என்னிடம் இருந்த பேனா, சென்னையிலிருந்து எடுத்துப்போன பழைய வாரப் பத்திரிகை, இரண்டையும் கொடுத்தேன். பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தங்கைக்கு போன் போட்டேன். நியூஜெர்ஸியில் அப்போது மதியம்.

"ஏம்மா, அப்பா அங்கே இருந்தாரே, காபிக்கு என்ன பண்ணார்?"

"என்னண்ணா திடீர்னு?"

"சும்மா சொல்லேன்."

"அதை ஏன் கேக்கறே... ஒரு துண்டைக் கிழிச்சு டீ வடிகட்டி மேல போட்டு, தினமும் ஒரு மணி நேரம் மல்லாடுவார். எதுவும் சரியா வரலை. இங்கே இந்தியன் ஸ்டோர்ல ஃபில்டர் வாங்கித் தரேன்னேன். வேண்டாம்னுட்டார். 'உங்கண்ணன் சொன்னது சரிதாம்மா, பெட்டி வெயிட் அதிகமாத்தான் இருந்துச்சு'ன்னார்."

அந்தத் துண்டு. ஃபில்டரைச் சுற்றியிருந்த துண்டாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா 2011-ல் போய்விட்டார். ஆறு மாதம் காபி சரியில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் திரும்பியதும், "அமெரிக்கா காபி எப்படிப்பா?" என்று நான் கேலியாகக் கேட்டதும், "பரவால்லடா" என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

சென்னைக்கு வந்த மறுநாள் பரணில் ஏறினேன். அட்டைப்பெட்டிக்குள் ஃபில்டர் கிடைத்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 240 கிராம். கணக்கு சரிதான், பி.காம். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வேட்டியில் ஒன்றைக் குறைத்திருந்தால் போதும், கணக்கு நேராகியிருக்கும். என்னிடம் கேட்டிருந்தால் அப்பாவே எடுத்துக் கொடுத்திருப்பார்.

ஃபில்டரின் கண்ணெல்லாம் அடைத்திருந்தது. அப்பா செய்வதுபோலவே அடுப்புத் தணலில் காட்டி, தட்டி, கழுவி, பொடி போட்டு வெந்நீர் ஊற்றினேன். இறங்க நேரமாகும். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாலை அடுப்பில் வைத்தாள்.

"அந்தப் புளிக்காய்ச்சல் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஏன்?"

"அடுத்த தடவை ஒரு பாட்டில் இல்லை, ரெண்டு பாட்டில் வை. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ஒருத்தருக்குக் கொடுக்கணும்."