ஸ்ட்ரட் பார் போடும் முன்

பழைய எஸ்டீம் காரை ஓட்டி வருகிறவர்கள் பலரும் மனதில் முடிவெடுத்துவிட்டுத்தான் பட்டறைக்குள் நுழைகிறார்கள். "ஏனுங்ணா, முன்னாடி ஒரு ஸ்ட்ரட் பார் போட்ரலாங்ளா? வளைவுல வண்டி அலையுதுங்க." போடலாம்தான். ஆனால் எது அலைகிறது என்று தெரியாமல் எதை இறுக்குவது?

1994 முதல் 2007 வரை வந்த எஸ்டீமுக்குத் தனி சாசி கிடையாது. மடித்த தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்த பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. வளைவில் டயருக்கு வரும் பக்கவாட்டு விசையில் பெரும்பங்கு கீழே லோயர் ஆர்ம் வழியாகப் பாடிக்குப் போகிறது. சிறுபங்குதான் மேலே ஸ்ட்ரட் தலைக்கு, அதாவது ஸ்ட்ரட் பாடியோடு சேரும் இடத்துக்கு. பானெட்டுக்குள் இரு தலைகளையும் இணைத்துக் குறுக்கே போடும் ஸ்ட்ரட் பாருக்கு அந்தச் சிறுபங்கில்தான் வேலை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது பாடி முறுக்கிக்கொள்வதைத் தடுப்பவை கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் தரைத்தகடும் கூரையும். அந்த முறுக்கலால் வரும் டேஷ்போர்டு கடகடப்பை ஸ்ட்ரட் பார் நிறுத்தும் என்று நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஆகவே முதலில் வண்டியை ஏற்றி, லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குப் பக்கத்தில் சின்னக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பேன். ரப்பர் வெடித்திருந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரியும். "பாடி தளர்ந்துபோச்சு" என்று வருகிற வண்டிகளில் பாதி நோய் இங்கேதான் இருக்கும். அடுத்து பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட்டின் மேல் ரப்பர். பிறகு ஸ்ட்ரட் தலையைச் சுற்றியுள்ள தையல்: சீலன்ட் விரிந்து உள்ளே துரு பொரிந்திருக்கிறதா, வெல்டு புள்ளியை ஒட்டி பெயிண்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா? அரித்த தகட்டில் பாரை முடுக்கினால், அந்தத் தகடு கிழிகிற இடம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அங்கே முதலில் டிங்கர் வேலை. பட்டி பூசி மறைப்பது வேலையே அல்ல.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு குழாய்களை இரு ஸ்ட்ரட் தலைகளுக்கும் நடுவே பிடிக்க வைத்து, உள்குழாயில் ஒரு கேபிள் டையை வெளிக்குழாயின் வாயோடு ஒட்டி இறுக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; சிலவற்றில் ஏறி இறங்கிவிட்டு பானெட்டைத் திறந்தால் போதும். தலைகள் நெருங்கியிருந்தால் வெளிக்குழாய் டையைத் தள்ளி வைத்திருக்கும். டை இருந்த இடத்திலேயே இருந்தால் அவை நெருங்கவில்லை. பார் அங்கே அலங்காரம்தான்.

டை நகர்ந்திருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் ஏர் ஃபில்டருக்கு வழிவிட நடுவில் வளைத்த குழாய் வேண்டாம். அழுத்தம் வந்தால் அது ஸ்பிரிங் போலக் கொடுத்துவிடும். பிராக்கெட்டில் ஒற்றை போல்ட்டில் திரும்புகிற பாரைவிட முழுக்க வெல்டு செய்தது மேல். வண்டி சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் நட்டை முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கினால் அந்தக் கோணல் அப்படியே பூட்டிக்கொள்ளும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: ஒரு பக்கம் பலமாக இடித்தால், அந்த அடியை பார் மறுபக்கத் தலைக்கும் கொண்டுபோகும்.

ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு புஷ் செட்டுக்கு. இரண்டாவது செலவு துருவுக்கு. அவை முடிந்த வண்டிக்கு ஸ்ட்ரட் பார் தேவைப்படுவது அபூர்வம்; தேவைப்படும் வண்டியில் அதன் பலன் முதல் வளைவிலேயே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்.