வாடகைக்கு ஓர் அறை

பழவேற்காட்டு மீனவ இளைஞர்கள் நற்சான்றுக் கடிதம் வேண்டி நம் பங்கு இல்லத்திற்கு வருவதுண்டு. மனமுவந்து எழுதிக் கொடுக்கிறோம். அது எந்த ஆலை வாயிலில் கசங்கிக் கிடக்கிறதோ!

ஏரியில் வலை கட்டுவதற்கு முறைவைத்து இடம் பங்கிடும் ‘பாடு’ என்னும் ஒழுங்கு அவர்களுக்கு உண்டு. கரையேறி வேலை தேடுவோனுக்கு அத்தகைய முறை ஏது? எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் ஒன்று எழுந்தது. வேலைச் செய்தியோ ஒப்பந்தக்காரர் வாய்மொழியாகவே நம் குப்பங்களை எட்டுகிறது.

25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே தேடிச் சென்று கேட்பவனுக்கே பலன். மாவட்ட அலுவலகமோ திருவள்ளூரில். பொன்னேரி வந்து பேருந்து மாறிப் போய்த் திரும்புவதற்குள் ஒருநாள் கூலி போய்விடும். இணையத்தில் பதியலாம் என்பர். பதியலாம்தான்; ஆனால், “தம்பி, இதற்கு நீ வெல்டிங் கற்றிருக்க வேண்டும்” என்று முகம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாவா?

மீஞ்சூர் ரயில் நிலையத்தருகே இரண்டு அறைகளை உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு எடுத்து, வாரத்தில் மூன்று நாள் ஓர் அலுவலரை அமர்த்தட்டும். மாடியறை வேண்டா. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிறவனும் கூசாமல் நுழையும்படி, கடைத்தெருவைப் பார்த்த கீழ்த்தள அறையாக அது இருக்கட்டும்.